ஃபார் போட்ட கையெழுத்து

பவர் ஆஃப் அட்டர்னியை ஒருமுறை வாங்கிவிட்டால் அது ஆயுசுக்கும் செல்லும் என்று நான் நம்பியிருந்தேன். யாருடைய ஆயுசுக்கு என்று யோசிக்கவில்லை. என்னுடையதுக்கு என்றே வைத்துக்கொண்டேன். ஐம்பது வயது ஆளுக்கு இவ்வளவு அறிவு போதும் என்று கடவுள் நினைத்திருக்கலாம்.

தி. நகரில் எங்களுக்கு ஒரு ரவிக்கைத் துணிக் கடை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. கல்லாவுக்குப் பின்னால் அவருடைய நாற்காலி, பக்கத்தில் என் ஸ்டூல். மத்தியானம் சாப்பிடப் போகும்போது தோளில் கிடக்கும் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போவார், பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பதுபோல. அவர் திரும்பும் வரை நான்தான் முதலாளி. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முதலாளி.

ஒருமுறை விசிட்டிங் கார்டு அடிக்கும்போது, என் பெயருக்குக் கீழே 'மேனேஜிங் டைரக்டர்' என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"அப்ப நான் யாருல, வாட்ச்மேனா?" என்றார்.

டெபுடி, ஆக்டிங், அசிஸ்டென்ட் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் 'இன்-சார்ஜ்' என்று பேரம் படிந்தது. அந்தக் கார்டைக் கல்யாண வீடுகளில் சீட்டு போடுவதுபோல எல்லோருக்கும் போட்டேன்.

பார்சல் வந்தால் கையெழுத்து என்னுடையது. அப்பா பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் 'ஃபார்' என்று எழுதி, கீழே என் கிறுக்கலைப் போடுவேன். கற்றுக்கொண்ட இங்கிலீஷிலேயே எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அதுதான். சாயம் போனாலும் நிறம் சேராவிட்டாலும் திட்டு அப்பாவுக்குப் போய்விடும். நான் ஸ்டூலில் அப்பாவியாக உட்கார்ந்திருக்கலாம்.

அப்பா அடையாறு வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போய்விட்டது. மயிலாப்பூரிலிருந்து வக்கீல் வீட்டுக்கே வந்து பவர் எழுதினார். அதிகாரம் கொடுக்கிற அப்பா பிரின்சிபல், அவருக்காகச் செய்கிற நான் ஏஜென்ட் என்று விளக்கினார். ஏஜென்ட் என்றதும் எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளத் தோன்றியது.

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாத்தையும் பாத்துக்கிடு. நாக்காலில மட்டும் உக்காந்துராதல. நான் வருவேன்."

உட்காரவில்லை. துண்டு அப்படியே கிடந்தது. அவர் வரவும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா முன்பே போய்விட்டவள். நான் ஒரே பிள்ளை.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்ததும், கட்டடக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் இருந்த அதே வக்கீலிடம் போய், ஃபார் எந்த இடத்தில் போடவேண்டும் என்று கேட்டேன்.

"என்ன சார் நீங்க! அவர் போன நிமிஷமே பவரும் போயிடுத்தே. இப்போ நீங்க ஏஜென்ட் இல்லை, வாரிசு, லீகல் ஹேர். உங்க பேர்லயே போடுங்கோ."

அப்பா போனபிறகு வந்த பார்சலுக்கெல்லாம் ஃபார் போட்டுத்தானே வாங்கியிருந்தேன்? ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அடையாறு பாலம் தாண்டுவதற்குள் மனசில் எனக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது.

"என்னைப் பிடிச்சு உள்ள வெச்சிருவாங்க," என்றேன் மனைவியிடம்.

"ரவிக்கைத் துணி வாங்கினதுக்கா? வைக்கட்டும். அங்கயாவது ஸ்டூல விட்டு எறங்கி உக்காருங்க," என்றாள்.

வக்கீலுக்குப் போன் போட்டேன். "பார்சல் வாங்கிண்டதுக்கெல்லாம் யாரும் கேஸ் போடமாட்டா சார். மோர் குடிச்சிட்டுப் படுங்கோ," என்றார்.

பயம் போனது. ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தாகாமல் கிடந்தது. கட்டடக்காரர் கேட்கும்போதெல்லாம் ஆடிட்டர் ஊரில் இல்லை என்றேன். அந்த ஆடிட்டர் எங்கள் தெருவிலேயே இருப்பவர். உண்மை என்னவென்றால், ஏஜென்ட் என்றால் எங்கோ ஒரு பிரின்சிபல் இருக்கிறார். டெபுடி என்றால் மேலே ஒருவர் இருக்கிறார். இன்-சார்ஜ் என்றால்கூட யாரோ சாப்பிடப் போயிருக்கிறார், வந்துவிடுவார். வாரிசுக்கு மட்டும்தான் யாரும் வரப்போவதில்லை. எனக்கு ஏஜென்ட்டாகவே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டால் "அப்பா சாப்பிடப் போயிருக்காங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டு வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து வழக்கமாக வரும் மாமி ஒரு மாம்பழ மஞ்சள் புடவையோடு வந்தார்.

"முதலாளி இல்லையோ? அவர் பார்வையிலயே எடுத்துக் குடுத்துடுவார்."

"சாப்பிடப் போயிருக்காங்க மாமி. நான் எடுத்துத் தரேன்."

எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே துணியோடு திரும்பி வந்தார்.

"வெயில்ல பாத்தா பச்சை அடிக்கறதே! அவர் இருந்தா இப்படி ஆகுமோ? எப்போ வருவார், சொல்லுங்கோ. அவர்கிட்டயே சொல்லிக்கறேன்."

ஃபார் என்று ஒதுங்க இடமில்லை.

"அப்பா இறந்துட்டாங்க மாமி. என்கிட்டயே சொல்லுங்க."

அவர் துணியைக் கல்லாமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, பார்டருக்குச் சேருகிற மாதிரி கொஞ்சம் அழுத்தமான மஞ்சள் இருக்குமா என்று கேட்டார். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தேன்.

அவர் போனபின் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.