மதுரையில் கை நனைத்த நாள்

எந்த ஊருக்குப் போனாலும் வெயிலம்மாள் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். கழுகுமலைத் தேரோட்டமானாலும் கோவில்பட்டிச் சந்தையானாலும் மடியில் தூக்குவாளி இருக்கும். அந்நியர் வீட்டில் கை நனைத்தால் அவர்களை நம் வீட்டுக்கு அழைத்து இலை போட்டே ஆக வேண்டும். அதுவரை தொண்டையில் முள்தான் என்பாள்.

மதுரைக்குப் பலமுறை போயிருக்கிறாள், கணவர் திருப்பதியின் கண் ஆபரேஷனுக்காக. பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவும் பஸ் ஸ்டாண்டும். அந்த ஊரை ஒரு நாளாவது சுற்றிப் பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சோற்றை அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று போன வருஷம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"கை நனைக்க மாட்டியேம்மா?" என்றாள் மகள் பானு.

"கடைன்னா காசக் குடுத்தாத் தீந்துச்சு. கடன் நிக்காதுல்லா?"

தூக்குவாளி வீட்டிலேயே இருந்தது. மதுரையில் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவள் பானு. ஒரு தடவைகூட அம்மாவை அழைத்துப்போய் ஊரைக் காட்டாதது ஏன் என்று பஸ்ஸில் தன்னையே கேட்டுப் பார்த்தாள். தோழிகள் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் என்று கிடைத்த பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

கோயிலைச் சுற்றி முடித்து, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தார்கள். "பாயாசத்துல ஐஸப் போட்டுட்டான்" என்று சொன்னாலும் வெயிலம்மாள் டம்ளரில் சொட்டு மிச்சம் வைக்கவில்லை. தள்ளுவண்டியில் கம்மங்கூழைக் கண்டதும், "இதத் தின்னவா டிக்கெட் எடுத்து வந்தேன்? நட ஏட்டி" என்றாள்.

பானு சொன்ன மெஸ் ஒரு பழைய சந்துக்குள் இருந்தது. முனையில் நின்று அவள் போனில் வழி தேடுவதற்குள், வெயிலம்மாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். வாசல் நிறையச் செருப்பு, உள்ளே வரிசையாக இலை. வேறென்ன வேண்டும்? பானு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் விழுந்தது புளியோதரை. அடுத்து எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று முணுமுணுத்தாள் வெயிலம்மாள். ஆனாலும் வந்த காரியத்தை விடுவதாயில்லை. "வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைங்க" என்று பொரியலைக் கேட்டு வாங்கி, வழித்துச் சாப்பிட்டாள். எழுந்து கை கழுவி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"எவ்வளவு ஆச்சுங்க?"

பரிமாறிய ராதாமணி ஒரு நொடி விழித்தாள். பிறகு கரண்டியோடு சிரித்தாள். "அட, இது மெஸ் இல்லைங்க. எங்க மகளுக்கு வளைகாப்பு!"

உள்கட்டில் கை நிறைய வளையலோடு ஒரு பெண் வெட்கத்தோடு பார்த்தாள். பானுவுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. வெயிலம்மாளோ ரூபாயை நீட்டினாள், ராதாமணி அதை அவள் கைக்குள்ளேயே மடக்கினாள்.

"வயித்துப்பிள்ளக்காரி வீட்டுல சோத்துக்குக் காசு வாங்குவாங்களா?"

"அப்பச் சரி. பிள்ளயத் தூக்கிட்டு எங்க ஊருக்கு வந்து நீங்க எல்லாரும் கை நனைக்கணும். வராம விட மாட்டேன்."

"வர்றோம் மதினி" என்றாள் ராதாமணி. அந்த ஒரு சொல்லில் விருந்தாளி சொந்தக்காரி ஆகிப்போனாள்.

ஊருக்கு வந்ததும் வெயிலம்மாள் கொட்டிலில் ஒரு கிடாய்க்குட்டியைத் தனியாகக் கட்டினாள். யாவாரி வந்து கேட்டால், "அது மதுரைக்காரவியளுக்கு" என்பாள். அங்கே ஆண்பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. போன் போடும்போதெல்லாம், "அடுத்த மாசம் மதினி" என்கிறாள் ராதாமணி.

"மகால் பாக்கலயேம்மா, இன்னொரு நாள் போவோமா?" என்று பானு கேட்டாள்.

"போனா அவிய வீட்டுக்குப் போகாம வர முடியுமாட்டி? மறுபடி எலையப் போட்டுருவாவ. மொதல்ல இங்கன இந்தக் கடன் தீரட்டும்."

கிடாய்க்குக் கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது.