கடைசியாகக் குடித்தவரிடம் சாவி

என் தங்கையின் கணவருக்குப் பூட்டுக்கடை. சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டே நிமிடத்தில் திறந்து கொடுப்பார். தொழிலில் கெட்டிக்காரர். குடியிலும் குறை வைத்ததில்லை. தங்கை கோபத்தில் கதவைச் சாத்தினால், வளைந்த கம்பி ஒன்றை விட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவார். அவள் பூட்டை மாற்றிப் பார்த்தாள். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் புதுப் பூட்டு, அதுவும் வேறு கடையில் வாங்கியது. அதையும் திறந்தார். கடைசியில் உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்றைப் போட்டாள். தாழ்ப்பாளிடம் கம்பியின் ஜம்பம் பலிக்கவில்லை. மாப்பிள்ளை கடையிலேயே படுக்க ஆரம்பித்தார்.

"குடிக்கிறதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் அண்ணா," என்றாள் தங்கை. "குடிக்கவே இல்லைன்னு என் கண்ணைப் பார்த்துச் சொல்றார் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. இன்னும் ஒரே ஒரு பொய். அதோட முடிஞ்சுது."

அவள் சொன்னால் சொன்னதுதான். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு மாப்பிள்ளையைக் கண்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் சாயங்காலம் அவருக்கு அழைப்பு வந்தது. சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, சாவி இல்லையாம். வேலைக்குத்தான் போகிறாரா என்று எனக்குச் சந்தேகம். நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மாடிப்படியில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை மண்டியிட்டுக் கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். கை நடுங்கியது. கம்பி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. இரண்டு நிமிட வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. எனக்கு மானம் போயிற்று. ஆனால் அங்கே ஒருவரும் முணுமுணுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு லாரி டிரைவர் டார்ச் அடித்துக்கொண்டே நின்றார். சீருடையோடு படியில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் மட்டும், "மெதுவா பண்ணுங்க. அந்த நடுக்கம் எங்க எல்லாருக்கும் பழக்கம்தான்," என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

கதவு திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குடியை விட நினைப்பவர்கள் தினமும் ஆறு மணிக்குக் கூடிப் பேசும் அறை அது. அவர்களுக்குள் ஒரு வழக்கம். குடியை விட்டு யாருக்கு நாள் ரொம்பக் குறைவோ, அவரிடம்தான் சாவி இருக்கும். அவர் வந்து திறந்தால்தான் மற்றவர்கள் உள்ளே போக முடியும். இந்த முறை அவர் சாவியோடு காணாமல் போய்விட்டார்.

"இன்னிக்கு வருவார், நாளைக்கு வருவார்னு மூணு நாளா படியிலயே உட்கார்ந்து பேசினோம்," என்றார் டிரைவர்.

குடிகாரன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார்களாம். இதுகளெல்லாம் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை புதுப் பூட்டை மாட்டிச் சாவியை நீட்டினார். நர்ஸ் வாங்கவில்லை. "நீங்க கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டார்.

பொய்தான் சொல்வார் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். மாப்பிள்ளை என்னையும் பார்த்தார், கீழே கிடந்த கம்பியையும் பார்த்தார். "இன்னிக்குக் காலைல," என்றார்.

"அப்ப சாவி உங்ககிட்டதான். நாளைக்கு ஆறு மணி."

போனார். முதல் வாரம் காய்ச்சலும் வியர்வையுமாகப் போனார். நம்பாமல் நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆறு அடிப்பதற்குள் நாற்காலியெல்லாம் போட்டு வைத்திருப்பார். தங்கை வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து கடைக்குச் சாப்பாடு போனது.

இருபத்தேழாம் நாள் குடித்துவிட்டார். பழைய கூட்டாளி ஒருவன் வந்தான், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் அறையில் நடந்ததை டிரைவர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். வழக்கம்போல அறையைத் திறந்தாராம். எல்லோரும் உட்கார்ந்ததும் சாவியை மேஜைமேல் வைத்தார். "நேத்து குடிச்சிட்டேன். வேற யார்கிட்டயாவது குடுங்க."

நர்ஸ் சாவியை அவர் பக்கமே தள்ளினார். "எங்க யாருக்கும் உங்களைவிட நாள் கம்மி இல்லையே. எடுத்து வைங்க."

அங்கிருந்து நேராக எங்கள் தெருவுக்கு வந்தார். நான் வாசலில்தான் இருந்தேன். கதவைத் தட்டினார். தங்கை தாழ்ப்பாளை நீக்கித் திறந்தாள்.

"நேத்து குடிச்சிட்டேன்," என்றார்.

தொலைந்தது என்று நினைத்தேன்.

"யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் வந்து சொல்றீங்க?"

"அங்க சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல."

அவள் கதவைச் சாத்தினாள். எனக்கு ஆத்திரம் வந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மேல். மனுஷன் உண்மையைத்தானே சொன்னான்.

பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. வழக்கமாக அதற்கப்புறம் தாழ்ப்பாள் விழும் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அப்போதும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் விழவில்லை என்பது என்னைவிட மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நடுவில் இருந்தது வெறும் பூட்டு, இரண்டு நிமிட வேலை. கம்பிப் பை தோளில்தான் தொங்கியது.

அவர் பையைத் தொடவில்லை. கையைத் தூக்கி மறுபடியும் கதவைத் தட்டினார். உடனே திறந்தாள்.