முன் இருக்கையின் எடை

"அது ஆளே இல்லாம நேரா நிக்குதுடி" என்று அக்கா ஃபோனில் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அத்தான் இறந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அப்படிக் கிடந்தால் கண்ணுக்கு என்னதான் தெரியாது என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

அது என்பது அத்தான் கட்டிய விமானம். அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவர். சூடான கம்பியால் தெர்மாகோலை அறுத்து, மேலே ஃபைபர் துணி ஒட்டி, ஆளுயர எழுத்துகள் செய்வார். அதே கைப்பழக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் இறக்கைகளையும் அறுக்க ஆரம்பித்தார். சின்ன இறக்கை மூக்கருகே, பெரிய இறக்கை பின்னால், எஞ்சின் அதற்கும் பின்னால். பார்க்க வந்தவர்களெல்லாம், "என்னப்பா, திருப்பி மாட்டிட்டியா?" என்று கேட்காமல் போனதில்லை.

"மத்த விமானத்துல வாலு கீழ அமுக்கும். இதுல முன்னாடி இருக்கறதும் சேர்ந்து தூக்கும். நானும் உங்கக்காவும் மாதிரி ஒண்ணு தூக்க, ஒண்ணு அமுக்கறதில்ல" என்று தொப்பை குலுங்கச் சிரிப்பார்.

அதற்கு ஒரு குணம் உண்டு. கனமெல்லாம் பின்னால் இருப்பதால், முன் இருக்கையில் ஆள் உட்கார்ந்தால்தான் நேராக நிற்கும். ஆள் இறங்கினால் மூக்கு தூக்கிக்கொண்டு பின்பக்கம் தரையில் இடிக்கும். அதனால் சும்மா இருக்கும்போது முன்சக்கரத்தை மடக்கி, மூக்கை ஒரு பழைய டயர் மேல் சாய்த்து வைப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஏறி உட்கார, அக்கா மூக்கைத் தூக்கிச் சக்கரத்தை விரித்துக் கையை எடுத்தாள். மூக்கு மெல்ல மேலே போனது. பின்னால் தடாலென்று சத்தம். அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, அவர் பெல்ட்டில் புதிதாகக் குத்தியிருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் போய்வருவார். கூட வருகிறேன் என்றால் சண்டை. அக்காவுக்கோ டாக்டரைவிட விமானத்தின் மேல்தான் நம்பிக்கை. ஞாயிறுதோறும், "உக்காருங்க, பாப்போம்" என்பாள். ஒரு தடவைகூட மறுபடி மூக்கு தூக்கவில்லை.

"எடை ஏறுதுடி!" என்று எனக்கு ஃபோன் வரும்.

"முகமெல்லாம் ஒடுங்கிப்போச்சேக்கா."

"உன் கண்ண நம்பவா, அத நம்பவா?" என்று எரிந்து விழுவாள்.

ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். "அதெல்லாம் வேணாம், தேறிட்டேன். முதல்ல ஒரு தடவ பறந்துடறேன்" என்றார் அத்தான். அக்காவும் தலையாட்டினாள். என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் டப்பா திறக்கப்படவே இல்லை.

அக்காவின் ஃபோனைக் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் நல்ல வெளிச்சம் இருந்தது. விமானம் நேராகத்தான் நின்றது. முன் இருக்கையில் யாருமில்லை. மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் மட்டும் இருந்தது.

"அந்தத் தடால் சத்தத்தக் கேக்கணும் போல இருந்துச்சு. மூக்கத் தூக்கிச் சக்கரத்த விரிச்சுட்டுக் கைய விட்டேன். பின்பக்கம் விழல" என்றாள் அக்கா. "உள்ள இருக்காருடி."

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம். திருப்புளியை எடுத்து மூக்கின் மூடியைக் கழற்றினேன். உள்ளே, ஆடிச் சத்தம் போடாதபடி துணியில் இறுகச் சுற்றிய பொட்டலங்கள் நெருக்கி அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தேன். ஈயம்.

அக்கா துணியைத் தடவிப் பார்த்தாள். "அவரோட பழைய பேன்ட்டு. பெருசா இருக்குன்னு யாருக்கோ குடுத்துட்டேன்னாரே."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. அவர் இளைக்க இளைக்க, ஞாயிறுக்கு முன்னால் ஒவ்வொரு பொட்டலமாக வைத்திருக்கிறார். கடைசி வாரங்களில் அவர் உட்கார்ந்தது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் ஈயம்தான் உட்கார்ந்திருந்தது.

"பாவி மனுஷா! நெசத்த சொல்லியிருந்தா உங்கள ஆபரேஷனுக்கு இழுத்துட்டாவது போயிருப்பேனே" என்று அந்த ஃபைபர் உடம்பைப் படபடவென்று அடித்தாள். அவள் அவ்வளவு அழுது நான் பார்த்ததில்லை.

இந்தச் சனியனை இன்றோடு ஒழிக்கலாம் என்று பொட்டலங்களை எடுக்கத் தொடங்கினேன். இரண்டாவதை வெளியே எடுத்தபோது மூக்கு லேசாக மேலே அசைந்தது. அக்கா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதடி. எடுத்தா எந்திரிச்சுப் போயிடுவாரு."

எடுத்ததை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.