மார்பில் தடவிய சொல்யூஷன்

என் கணவருக்கு மாரடைப்பு வந்த பிறகு எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது ஸ்டெம் செல்லைப் பற்றித்தான். வேலூரில் ஒரு மருத்துவமனையில் அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து, இதயத்தின் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். இது ஆராய்ச்சி, பலன் நிச்சயமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது அவர், கேள்வி கேட்டது நான். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவளால் சும்மா இருக்க முடியுமா?

"இடுப்புல இருந்த செல்லுக்கு இதயத்துல என்ன வேலைன்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். செத்துப்போன தசைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேற்றிவிடும் என்று நம்புகிறோம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். இதயம் முழுக்க ஒரே மின்னோட்டத்துக்குத்தான் துடிக்கிறது. புதிதாகப் போனவை அதற்குக் குறுக்கே நின்றால் துடிப்பு தவறலாம். மோசமாகத் தவறினால் ஆள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடலாம். அப்படி ஏதும் நடக்கிறதா என்று பார்க்க, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவியை இடுப்பில் மாட்டி, ஒயர்களை மார்பில் ஸ்டிக்கர் போட்டு ஒட்டி, ஆம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிக்கக் கூடாது, மற்றபடி எப்போதும் போல இருக்கலாம்.

மறுநாள் கருவியை மட்டும் கழற்றிக் கணினியில் போட்டார்கள். திரையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று கன்னாபின்னாவென்று கிறுக்கியது, பிறகு படுத்துவிட்டது. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் மயக்கம் ஏதாவது வந்துச்சா?"

"இல்லியே சார். டீ குடிச்சிக்கினு நல்லாத்தான் இருந்தேன்."

உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். நர்ஸ் பழைய ஸ்டிக்கரைப் பிய்த்தார், அது வரவில்லை.

"இன்னா சார், தோலோட வருது? ஷூ வாடை வேற அடிக்குது!"

என் கணவர் விட்டத்தைப் பார்த்தார். அவர் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் இருப்பவர். வீட்டில் எது பிய்ந்தாலும் அவருக்கு மருந்து ஒன்றுதான், ஷூ ஒட்டும் பசை இருக்கிற அந்த சொல்யூஷன் டப்பா.

"வேர்வையில கயண்டுக்கினே இருந்துச்சி சார். ஷூவே பிரியாது, இது பிரியுமான்னு..."

"ரப்பர் பசையில கரண்ட் எப்படிப் பாயும்? உங்க இதயம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, எங்களுக்குத்தான் கேக்கல" என்றார் டாக்டர்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் மனுஷனை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். உயிர் போய் உயிர் வந்தது எனக்கல்லவா?

மார்பில் வேறு இடம் பார்த்து மறுபடி மாட்டினார்கள். அந்த நாள் முழுக்க நான் அவர் பின்னாலேயே போலீஸ் மாதிரி சுற்றினேன், டப்பாவை ஒளித்தும் வைத்தேன். இந்த முறை பதிவு முழுதாக வந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு தப்புத் துடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"அந்தத் தப்புத் துடிப்பு புது செல்லால வந்ததா, பழைய அடைப்பால வந்ததா?"

"தெரியலம்மா. நிறைய பேரைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் நாலு கேள்வி இருந்தது. அதற்குள் டாக்டர் இவர் பக்கம் திரும்பி, "இனிமே ஆறு மாசம் கழிச்சு மாட்டினா போதும்" என்றார்.

"அதுவரைக்கும் யாரு சார் பாப்பாங்க?"

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. வேர்வை பாதிக் காரணம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெட்டி உடம்பில் இருக்கும்வரை யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியத்தில் இருந்திருக்கிறார். கழன்று விழ விடாமல் ஒட்டியது அதற்காகவும்தான். இத்தனை கேள்வி கேட்ட நான், பயமாக இருக்கிறதா என்று அவரை ஒரு முறை கூடக் கேட்கவில்லை.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியாதே.