காப்பகத்தை மூடச் சொன்ன ஷீட்

மற்றவர்கள் போட்ட கணக்கை நோண்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். புனேயில் எங்கள் கம்பெனி எந்த முடிவெடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருக்கும். அதை நம்பலாமா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் என்னைப் பிடிக்காது.

போன மழைக்காலத்தில் வந்த ஷீட், ஆகுர்டி தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தைத் தொடர்வதா மூடுவதா என்று சொல்வது. எத்தனை குழந்தைகள் வருகிறார்கள் என்று போட்டால் கடைசிக் கட்டத்தில் பதில் வரும். ‘மூடலாம்’ என்றிருந்தது. எனக்கு என்னவோ உறுத்தியது. ஆபீஸ் இருக்கும் வாகடிலிருந்து ஆட்டோ பிடித்து நேரில் போனேன். காப்பகம் நிறையக் குழந்தைகள். ஒயரிங் பிரிவில் வேலை செய்யும் தர்மபுரிப் பெண் ஒருத்தி தன் மகளை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மூடும் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத மூடிட்டா புள்ளய எங்க வுடுவேன் அக்கா? ஊருக்குத்தான் அனுப்பணும். அது என்னை வுட்டு ஒரு நாளும் இருந்ததில்ல.”

திரும்பி வந்து ஷீட்டைக் குடைந்தேன். ஃபார்முலாக்களில் குறையில்லை. எண்ணிக்கையும் புதிதுதான். பதில் மட்டும் பழையது. ஷீட் பெரிதாகி கம்ப்யூட்டர் திணறினால், அது தானாகக் கணக்கிடுவதை நிறுத்தி வைத்துவிடுவது எங்கள் ஆட்களின் கெட்ட பழக்கம். அதன்பின் எண்ணை மாற்றினால் நாமே பொத்தானை அழுத்தி மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். யாரும் அழுத்தவில்லை. நான் அழுத்தினேன். ‘தொடரலாம்’ என்று மாறியது. அன்று எனக்குக் கர்வமாகவே இருந்தது.

மேனேஜர் சென்னைக்காரர், நியாயமாகத்தான் பேசினார். மூடும் செய்தி ஏற்கெனவே ஆகுர்டிக்குப் போய்விட்டதாம். மூடுவதை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன், மேலிடத்துக்குக் காட்ட இந்த மாத எண்ணிக்கையைப் போட்டு மறுபடி சரிபாருங்கள் என்றார்.

எண்ணிக்கை வந்தது. பாதிகூட இல்லை. தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே மறுபடி ஆகுர்டிக்குப் போனேன். காப்பகத்தில் ஆயாவும் நாலைந்து பிள்ளைகளும்தான். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் தனியாக வந்தாள்.

“மூடப்போறாங்கன்னு சொன்னாங்க. கடசி நேரத்துல எங்க ஓடறது அக்கா? ஊர்ல அம்மாகிட்ட வுட்டுட்டு வந்துட்டேன்.”

மூடாமலும் இருக்கலாம், கூட்டிவா என்றேன். நிச்சயமா என்று கேட்டாள். மேனேஜரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

செய்தி பரவியதால்தான் எண்ணிக்கை விழுந்தது என்று மேனேஜரிடம் வாதாடிப் பார்த்தேன்.

“வாஸ்தவம்தாங்க. ஆனா வராத பசங்களுக்கு எதுக்குக் காப்பகம்னு மேல கேப்பாங்களே?”

புது எண்ணைப் போட்டு அழுத்தினேன். ‘மூடலாம்’ என்று வந்தது. எங்காவது ஒரு பிழை இருந்துவிடாதா என்று அன்று தேடியதுபோல் நான் என்றைக்கும் தேடியதில்லை. ஷீட் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.