நாலணா டிக்கெட்டின் நியாய விலை

டிக்கெட் கொடுக்கிறவனுக்கு மனிதர்களை மணிக்கட்டு வரையில்தான் தெரியும். ஜன்னல் துவாரம் அவ்வளவுதான். ரயில் நிலையத்திலோ சினிமாக் கொட்டகையிலோ அப்படியொரு துவாரத்துக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செல்லாத அணாவை நல்ல அணாக்களுக்கு நடுவில் ஒளித்து நீட்டும் கை, சில்லறை கேட்டால் நம் குலத்தையே விசாரிக்கும் குரல், மழை வந்தால் அதற்கும் நம்மையே திட்டும் வாய் எல்லாம் உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்.

நான் பி.ஏ. தேறிவிட்டு எட்டு மாதமாகச் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அம்மா, போடியில் அருளப்பன் முதலாளியின் சரக்கு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்குகிறவள். அந்த முதலாளிதான் ஊர்க் கால்பந்துப் போட்டிக் கமிட்டிக்குத் தலைவர். வசூலாகும் பணம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கட்ட. மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி அடைத்திருந்தார்கள். நாற்காலி ஒரு ரூபாய், பெஞ்சு எட்டணா, கயிற்றுக்குப் பின்னால் தரை நாலணா. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "போட்டி முடியிற வரைக்கும் டிக்கெட் குடு. ஒழுங்கா இருந்தேன்னா நம்ம கடையில கணக்குப்பிள்ளை வேலை உனக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அட்டையில் எழுதிய சட்டம்

இரண்டாம் நாளே நாலணாத் தரை டிக்கெட் வெளியே ஆறணாவுக்குக் கைமாறுகிறது என்று தெரிந்துவிட்டது. "பிளாக்கு வந்துருச்சு, பிளாக்கு" என்று கமிட்டியில் ஒரே பதற்றம். முதலாளி சொல்லி, 'டிக்கெட்டுகளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம்' என்று ஓர் அட்டையில் அழகாக எழுதி ஜன்னலுக்கு மேலே தொங்கவிட்டேன். எழுதும்போதே ஒரு சந்தேகம் வந்தது. எந்தச் சட்டத்தின்படி குற்றம்? நான் படித்தது பொருளாதாரம். அதில் இது வரவில்லை. யாரையாவது கேட்கலாமென்றால், பி.ஏ. படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஆகிவிடும்.

அட்டையை முதலில் படித்தவர் பாப்பச்சன். திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து வந்து மலையில் மூன்று ஏக்கர் ஏலச்செடி போட்டிருப்பவர். விளைந்த காயை அருளப்பன் கடையில்தான் போடுவார். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு, குனிந்து துவாரத்தில் முகத்தைக் காட்டினார்.

"குத்தம்னா யாருக்கு மோனே? விக்கிறவனுக்கோ, வாங்குறவனுக்கோ?"

"விற்கிறவருக்கு" என்றேன், அரை மனதாக.

அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். "நல்ல சட்டம். எங்கிட்ட வாங்குன காயை வாங்குன வெலைக்கே விக்கணும்னு உங்க முதலாளி கடை வாசல்லயும் இதே கையெழுத்துல ஒண்ணு எழுதித் தொங்கவிடு மோனே."

வெயிலுக்கு ரெண்டணா

ஆறணாவுக்கு விற்பது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியத் தேவையிருக்கவில்லை. வீராயி அக்காள் எதையும் ஒளிக்கவில்லை. அம்மாவோடு காலையில் காய் பொறுக்கிவிட்டு, உச்சி வெயிலில் வந்து வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். பத்துத் தரை டிக்கெட் வாங்குவாள். ஒருவருக்கு இத்தனைதான் என்று கமிட்டி சொல்லாததால் நானும் கொடுப்பேன். பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்து, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களிடம் விற்பாள். ஒருநாள் ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே அவளிடம் போனேன்.

"அக்கா, இது தப்பில்லையா?"

அவள் கோபப்படவில்லை. முந்தின நாள் அவளிடம் வாங்கிய ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் அன்றைக்கும் சீக்கிரமாக வந்திருந்தார். "அண்ணே, இங்க வாங்க. தம்பி ஏதோ கேக்குது" என்று கூப்பிட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நேத்து எங்க வயலுக்குத் தண்ணி மொறை தம்பி. பாய்ச்சி முடிச்சு மடையை அடைச்சுட்டுத்தான் பஸ்சு ஏறுனேன். வந்து பாத்தா உங்க ஜன்னல் சாத்திக் கெடக்கு. இந்த ஆத்தா இல்லேன்னா திரும்பித்தான் போயிருப்பேன்."

எனக்கு ஒரு நல்ல வாதம் தோன்றியது. "நீங்கள் பத்து டிக்கெட்டை வாங்காமல் இருந்தால் அந்தப் பத்தும் ஜன்னலிலேயே இருந்திருக்குமே, அக்கா."

அவளும் அதை ஒப்புக்கொண்டாள். "இருந்திருக்கும். அவரு வந்து எறங்குற வரைக்கும் இருந்திருக்குமா?"

இருந்திருக்காது. வேறு பத்துப் பேர் வாங்கிப் போயிருப்பார்கள். அந்தப் பத்துப் பேருக்காக நான் வாதாடியிருக்கலாம்தான், ஆனால் அவர்களில் ஒருவரும் எதிரே நிற்கவில்லை, இந்த மனிதர்தான் நின்றார். நான் திரும்பும்போது வீராயி சொன்னாள்: "நாலணா டிக்கெட்டுக்கு, ரெண்டணா வெயிலுக்கு. எனக்குப் பதிலா நீ வெயில்ல நிக்கிறதா இருந்தாச் சொல்லு தம்பி, நான் வீட்டுல போய்ப் படுத்துக்கிறேன்."

விலை அச்சிடாத டிக்கெட்

ஒரு சர்க்கார் அலுவலகத்துக்குக் கமிட்டி மரியாதைக்காக இலவசப் பாஸ் அனுப்பியிருந்தது. அங்கிருந்த பியூன் ஒருவர் அதை வாசலிலேயே முக்கால் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். கமிட்டித் தொண்டர்கள் பிடித்து என் ஜன்னலுக்குக் கூட்டி வந்தார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருப்பதுபோல. நான் நாக்குக் குழற, "ஐயா, அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது..." என்று ஆரம்பித்தேன். அவர் பாஸை என் கண்ணெதிரே நீட்டி முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். "இதுல வெலையே அச்சடிக்கலையே, எதுக்கு மேல வித்தேன்னு என்னையப் பிடிச்சீங்க?"

மழை

அரை இறுதி ஆட்டத்தன்று ஒருவருக்கு நான்கு டிக்கெட்தான் என்று கமிட்டி கட்டுப்பாடு வைத்தது. வீராயி தங்கைகள் இருவரையும் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தினாள். பிற்பகலில் மலை கறுத்து, மழை இறங்கியது. தேவாரம் ஊரிலிருந்து வரும் பஸ் பாதி காலியாக வந்தது. உள்ளூர்க்காரர்களும் வீட்டோடு இருந்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நனைந்த கை ஒன்று துவாரத்துக்குள் டிக்கெட்டுகளைத் தள்ளியது. ஒன்றுகூட விற்றிருக்கவில்லை.

"திருப்பி வாங்கிக்க தம்பி. நாலணாவே குடு, போதும்."

கொடுத்த டிக்கெட்டைத் திரும்பப் பெறக் கூடாது என்பது விதி. சொன்னேன். பிளாக்கில் விற்கிறவள் நஷ்டப்பட்டால் எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த ஈரக் கையைப் பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை. அவள் டிக்கெட்டுகளை வாரி எடுத்துக்கொண்டு அட்டையை நிமிர்ந்து பார்த்தாள். "ஏறுனா குத்தம்னு எழுதியிருக்கீகளே, எறங்குனா அது யாரு குத்தம்னு கீழ ஒரு வரி எழுதக் கூடாதா?"

துண்டுக்கு அடியில்

இறுதி ஆட்டம் மதுரை அணிக்கும் மலை எஸ்டேட்டுகளின் அணிக்கும் என்று முடிவானது. குரங்கணிப் பாதை வழியாக மலையே இறங்கி வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கமிட்டி, கிட்டங்கியில் கூடியது. முதலாளியைப் போலவே மற்றவர்களும் ஏலக்காய் வியாபாரிகளே. "மேல போற காசு எவளோ ஒருத்தி மடியில போய் விழுகுது. அது பள்ளிக்கூடத்துக்கு வரட்டுமே" என்றார் ஒருவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உடனே அவர்களுக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டார்கள். நானூறு தரை டிக்கெட்டையும் நூறு நூறாகக் கட்டி ஏலம்.

எங்கள் ஊரில் காய் ஏலத்துக்குக் கூச்சல் கிடையாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரலை அழுத்துவதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. அப்படியே கால்பந்து டிக்கெட்டும் துண்டுக்கு அடியில் போனது. டிக்கெட் எட்டணா வீதம் மூன்று வியாபாரிகள் நாலு கட்டையும் எடுத்துவிட்டார்கள்.

நான் எழுந்து, "முதலாளி, மலையிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு ஜன்னலில் நான் எதைக் கொடுப்பது?" என்று கேட்டேன்.

"ஜன்னலைச் சாத்திட்டு நீயும் ஆட்டம் பாரு" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கமிட்டி சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்து வீராயியைப் புளியமரத்தடியிலிருந்து எழுப்பிவிட்டார். அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "நான் பத்து டிக்கெட்டு வச்சிருந்தா பிளாக்கு, அவுக நானூறு வச்சிருந்தா பள்ளிக்கூடமா?"

இருப்பு

மூன்று வியாபாரிகளும் வாசலுக்கு அருகே குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தரை டிக்கெட் ஒரு ரூபாய் என்றார்கள். ஊர்க்காரர்கள் சிலர் வாங்கினார்கள். மலைக்காரர்கள் விலையைக் கேட்டுவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். முடிச்சில் இருந்தது நாலணா, மிஞ்சினால் எட்டணா. எந்த வியாபாரியும் முதலில் இறங்கி வரத் தயாராக இல்லை. வரத்துக் குறைந்த மாதத்தில் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அதே இருப்பு. காய் அடுத்த மாதம் வரை கெடாது, இந்தச் சரக்கு நாலரை மணிக்குக் கெட்டுவிடும் என்பது மூன்று பேருக்கும் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

நாலு மணிக்கு முதலாளி என்னை மைக் செட்டுக்குக் கூப்பிட்டார். "'தரை டிக்கெட் இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, வெரசா வாங்கிக்கங்க'ன்னு சொல்லு. அப்பத்தான் எந்திரிப்பாங்க."

நான் மைதானத்தைப் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால் அங்கொருவரும் இங்கொருவருமாகச் சிலர். நடுவில் ஒரு நாய் தாராளமாகப் படுத்திருந்தது. "முதலாளி, நிறைய இருக்கே" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? கணக்குப்பிள்ளையா வரப்போறவன், கடைக்காரன் பேசுற மாதிரி பேசிப் பழகு."

மைக்கைப் பிடித்தேன். வேலை நினைவுக்கு வந்தது. கிட்டங்கியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் நினைவுக்கு வந்தாள். துணிச்சலாக ஒரு முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், அந்தப் பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன், வேறு வாக்கியம் வந்துவிட்டது. "தரையில் முக்கால் பங்குக்கு மேல் இடம் காலியாக இருக்கிறது. ஆட்டம் சரியாக நாலரை மணிக்குத் தொடங்கும்."

முதலாளி மைக்கைப் பிடுங்குவதற்குள் சாலை முழுக்கக் கேட்டுவிட்டது. நான் வாசலுக்கு வந்து பார்த்தபோது, எட்டணாவாவது கொடுத்துப் பார்க்கலாமென்று ஓர் எஸ்டேட் கூலிக்காரர் எழுந்தார். பக்கத்தில் இருந்த பாப்பச்சன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "இரி மோனே. நம்ம காயைத் தராசுல வச்சுட்டு இவங்க வருஷா வருஷம் நம்மள இப்பிடித்தான் உக்கார வச்சாங்க, இன்னிக்கு ஒரு நாள் நாம உக்காருவோம்."

நாலரை மணி

ஒரு ரூபாய் முக்கால் ரூபாயானது. பிறகு எட்டணா. விளையாட்டுக்காரர்கள் மைதானத்தில் இறங்கியதும் வியாபாரி ஒருவர் குடையை விட்டு வெளியே வந்து, "நாலணா, நாலணா" என்று தாமே கூவ ஆரம்பித்தார். மலைக்காரர்கள் அசையவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது விலை இரண்டணாவுக்கு வந்தது. பாப்பச்சன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அவர் எழுந்ததும் சாலையே எழுந்தது. விசில் ஊதும்போது தரை நிறைந்துவிட்டது. மலை அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. பள்ளிக்கூடத்துக்கு டிக்கெட்டுக்கு எட்டணா ஏற்கெனவே வந்துவிட்டது. ஆக, இதில் அநியாயம் நடந்தது யாருக்கு என்று ஆட்டம் முழுக்க யோசித்தேன். நாலணாச் சரக்கை இரண்டணாவுக்கு வாங்கியதும் ஒருவேளை அநியாயம்தானோ என்றுகூட ஒரு கவலை வந்தது. வீராயி விற்றதும் இவர்கள் விற்றதும் ஒன்றுதான். ஒன்று மட்டும் சொல்லலாம். இருப்பதை இல்லையென்று சொல்லி அவள் யாரையும் அவசரப்படுத்தியதில்லை.

எல்லோரும் போன பிறகு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன்னையக் கடையில வச்சா மூட்டையில எத்தனை காய் சொத்தைன்னு வாறவன்கிட்டயெல்லாம் மைக்கு வச்சுச் சொல்லுவ, உங்க ஆத்தாள நாளைக்கு எப்பவும்போல சோலிக்கு வரச் சொல்லு, நீ வராத."

நாலணா டிக்கெட்டை எத்தனை அணாவுக்கு விற்றால் பாவம் என்பது பி.ஏ. படித்த எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன விலை ஆகும் என்பது மட்டும் அன்று மாலையே தெரிந்துவிட்டது.