பஞ்சு வைத்த காது

என் அக்காவுக்கு நூல் மில்லில் இருபத்து மூன்று வருஷ வேலை. நானும் அதே மில்தான், அவளுக்கு அடுத்த மிஷின். நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரம் ஒரே நேரத்தில் ஓடும் இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. அவளுக்குக் காது மந்தமானது எனக்குத் தெரியாமலே போனது.

வருஷத்துக்கு ஒரு முறை நிரந்தர ஆட்களுக்குக் காது சோதிக்க மில்லுக்குள் ஒரு வண்டி வரும். உள்ளே சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். இந்த வருஷம் அக்கா பட்டனைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். சோதிக்கிறவர் அவள் வலது காதில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அழுக்கு அடைச்சிருக்கும்மா. டாக்டர்கிட்ட போய் எடுத்துட்டு வாங்க. பத்து நாள் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."

மறுபடியும் தேறாவிட்டால் மிஷினில் விடமாட்டார்கள். அபாய மணி காதில் விழாத ஆளுக்குக் கழிவுப் பஞ்சு கூட்டும் வேலைதான்.

அக்காவுக்கு ஏக சந்தோஷம். "செவிடெல்லாம் இல்லடி, வெறும் அழுக்கு!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கொண்டை ஊசியைக் காதில் விட்டுக் குடைய ஆரம்பித்தாள். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ஜவ்வக் கிழிச்சுக்கிட்டு நிக்கப் போறியா?"

"அப்போ பட்ஸாவது குடு."

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பட்ஸுக்கும் திட்டினார். பட்ஸ் போட்டுப் போட்டுத்தான் அழுக்கு உள்ளே போய்க் கெட்டியாகிவிட்டதாம். ஊற வைக்கச் சொட்டு மருந்து கொடுத்தார். ஐந்து நாள், தினம் மூன்று வேளை, விட்டபின் ஐந்து நிமிஷம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவள் அப்படியே தூங்கிப்போவாள். எழுப்ப மனசு வராமல் அடுப்பை நானே பார்த்துக்கொண்டேன். எனக்கும் கால் கடுத்தது, ஆனால் யாரிடம் சொல்ல?

ஆறாம் நாள் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, ஜவ்வில் ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், வெதுவெதுப்பான தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் மெதுவாகப் பீய்ச்சினார். நான் காதுக்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். கலங்கல் தண்ணீர் வந்தது. பிறகு பழுப்பாக ஒரு கட்டி, அதோடு சுருட்டிய பஞ்சு.

"என்னம்மா, காதுக்குள்ள மெத்தை தைச்சு வச்சிருக்கீங்க?"

அக்கா மேலே பார்த்தாள். "ஃபேன் இப்படியா கத்தும்!" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "இடது காதுலயும் எடுத்துடுங்க டாக்டர். அதுதான் ரொம்ப மோசம்."

டாக்டர் விளக்கை அந்தப் பக்கம் வைத்தார். "இதுல ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"நல்லா பாருங்க டாக்டர். கொஞ்சமாவது இருக்கும்."

அவர் இன்னொரு தடவை பார்த்தார். அவளுக்காகத்தான் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது.

"இரைச்சல்ல நரம்பு கெட்டிருக்கும்மா. அது திரும்பாது. பஞ்சு சத்தத்தை நிறுத்தாது. மில்லுல ரப்பர் அடைப்பான் குடுக்கலையா?"

"குடுத்தாங்க டாக்டர். எனக்கு அரிக்கும்."

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருஷம் முன்னால் நான் ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, ரப்பர் அடைப்பான் நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான். முதல் நாளே தன்னுடையதை என் காதில் திணித்து, "எனக்கு அரிக்குதுடி, நீ வச்சுக்க" என்றாள். அதன்பின் அவளுக்கு எப்போது புது ஜோடி வந்தாலும் அது என்னிடம் வந்துவிடும். அவள் மிஷினிலிருந்து பஞ்சைக் கிள்ளிக் காதில் அடைத்துக்கொள்வாள். மோட்டார் அவளுக்கு இடது பக்கம். நான் நிரந்தரமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. நிஜமாகவே அரிக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வசதியாக இருந்தது, கேட்கவில்லை.

பத்தாம் நாள் வண்டி வந்தது. அக்காவுக்கு வலது காது தேறியது, இடது தேறவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பஞ்சு கூட்ட வேண்டும் என்றார்கள். "சரிங்க" என்று இறங்கினாள்.

அடுத்து நான். புதிதாக நிரந்தரமானவர்களை அன்றுதான் கூப்பிட்டார்கள்; எனக்கு இது முதல் சோதனை. ஹெட்போனை மாட்டினேன். பீப். பீப். சத்தம் குறைந்துகொண்டே போனது. இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைந்தும் எனக்குக் கேட்டது, இரண்டு காதிலும். அடுத்ததை அமுக்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்தேன். வண்டியின் கதவருகே நின்று, அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அமுக்கு, அமுக்கு என்று.

அமுக்கினேன்.